பனிப்புயலுக்கு முன் அமெரிக்க விமான டிக்கெட்டை மாற்றுவது எப்படி?

கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் சிகாகோவுக்கோ டென்வருக்கோ பனிப்புயல் எச்சரிக்கை வந்ததும், விமான நிறுவனத்தின் 'டிராவல் அலர்ட்' பக்கத்தைப் பாருங்கள்; புயலுக்காகப் பயணத்தை மாற்றிக்கொள்ளும் சலுகை அங்கேதான் அறிவிக்கப்படும். உங்கள் விமான நிலையம் பட்டியலில் இருக்கிறதா, டிக்கெட் எந்தத் தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும், எதுவரை பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்று கவனியுங்கள். நடுவில் விமானம் மாறும் ஊரையும் மறக்காமல் தேடுங்கள். அதே ஊர்கள், அதே வகுப்பு என்றால் பெரும்பாலும் கட்டண வித்தியாசம் கேட்கமாட்டார்கள். கெடு தாண்டினால் கேட்பார்கள். ஆப்பிலேயே மாற்றிவிடுங்கள், போனில் காத்திருந்தால் இருக்கை போய்விடும்.

பணமாகத் திரும்ப வேண்டுமா? அவசரப்பட்டு நீங்களே ரத்து செய்யாதீர்கள். பெரும்பாலும் கிரெடிட்தான், அதாவது அடுத்த பயணத்துக்குப் பயன்படுத்தும் தொகைதான் கிடைக்கும். நிறுவனம் ரத்து செய்து, மாற்று விமானத்தை நீங்கள் மறுத்தால், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் 2024 விதிப்படி கிரெடிட் கார்டுக்கு 7 வேலை நாட்களில் பணம் வர வேண்டும். அமெரிக்க உள்நாட்டு விமானம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி, நீங்கள் அதில் போகாமல் விட்டாலும் இதே உரிமை உண்டு. ஹோட்டல் செலவை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.