எம்ஜிபிக்கு ஜாகுவாரின் பின் சஸ்பென்ஷன்

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கம் ஒரே அச்சும் கமான் பட்டைகளும்தான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் சாயும். காட்பாடிப் பட்டறையில் நான் பொருத்த விரும்புவது 1961இல் இ-டைப் காருடன் வந்த, பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் ஜாகுவார் அமைப்பு.

பழைய அச்சைக் கழற்றும் முன்பே சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து சுவரில் எழுதிவையுங்கள். ஜாகுவார் அமைப்பின் அகலத்தை எம்ஜிபிக்கு ஏற்பக் குறைக்க, சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கீழ்க்கை, சக்கரத்தைச் சுழற்றும் அரை அச்சு இரண்டையும் சேர்த்தே சுருக்க வேண்டும். அரை அச்சுதான் சக்கரத்தை மேலே பிடிக்கும் மேற்கையும். அது முறிந்தால் சக்கரத்துக்குப் பிடிமானமே இல்லை. அந்த வெல்டிங்கைத் தேர்ந்த கையிடம் மட்டுமே கொடுங்கள்.

அமைப்பை வண்டியோடு பிணைக்கும் தாங்கிகளுக்கு முதலில் தற்காலிகமாகப் புள்ளி வெல்டிங், மூலைக்கு மூலை அளந்தபின் முழு வெல்டிங். இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகளின் (புஷ்) போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே இறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.