கேபிள் மோடம் எந்தப் படியில் நிற்கிறது?

வாடிக்கையாளர் 'நெட் வரவில்லை' என்று அழைத்ததும் சர்வரின் அமைப்புகளைத் திருத்தத் தொடங்குவது சிறிய கேபிள் இணைய நிறுவனங்களில் வழக்கமாக நடக்கும் தவறு. டாக்சிஸ் எனப்படும் கேபிள் இணையத் தரநிலையில் இயங்கும் மோடம் மின்சாரம் பெற்றதும் ஒரே வரிசையில்தான் படியேறும்: முதலில் இறங்குவழி (நிலையத்திலிருந்து வீட்டுக்கு) அலைவரிசையைத் தேடிப் பிடிக்கும், பிறகு ஏறுவழியில் (வீட்டிலிருந்து நிலையத்துக்கு) பேசித் தன் சக்தியைச் சரிசெய்துகொள்ளும், அதன்பின் ஐ.பி. முகவரி வாங்கி, தன் வேகம், அனுமதி போன்றவற்றைச் சொல்லும் கட்டமைப்புக் கோப்பை இறக்கி, கடைசியாகப் பதிவு செய்துகொள்ளும். அது எந்தப் படியில் நின்றது என்பதைத் தலைமை நிலையத்தில் எல்லா மோடங்களோடும் பேசும் சி.எம்.டி.எஸ். கருவியே காட்டிவிடும் என்பதால், அதைப் பார்த்த பிறகே எதையும் தொட வேண்டும். பழுது ஒரு மோடத்திலா, ஒரு தெருவிலா, ஊர் முழுவதிலுமா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு படிகளில் நின்றால் கோளாறு கம்பியில் இருக்கிறது. கோப்பில் தேடிப் பயனில்லை. பெரும்பாலான மோடங்களில் 192.168.100.1 என்ற முகவரியைத் திறந்தால் சிக்னல் அளவுகளைக் காணலாம். இறங்குவழிச் சக்தி –15 முதல் +15 டி.பி.எம்.வி. (சிக்னல் சக்தியின் அலகு) வரை இருக்கலாம் என்று விதி சொன்னாலும், நடைமுறையில் –7 முதல் +7 வரைக்குள் வைத்திருப்பதே நிம்மதி. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், 256 குவாம் என்ற பண்பேற்ற முறையைப் பயன்படுத்தும் அலைவரிசைகளில், 33 டெசிபலுக்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும். ஏறுவழியில் கணக்கு தலைகீழ்: மோடம் 50 டி.பி.எம்.வி.யை ஒட்டிக் கத்திப் பேச வேண்டியிருக்கிறது என்றால், வழியில் எங்கோ இழப்பு அதிகம் என்று பொருள். சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் இருவழி ஸ்ப்ளிட்டர் ஒன்றே சுமார் 3.5 டெசிபலைத் தின்றுவிடும். தொலைக்காட்சிக்காக யாரோ இடையில் செருகிய இரண்டாவது ஸ்ப்ளிட்டரையும், துருப்பிடித்த அல்லது கையால் மட்டும் முறுக்கிய கனெக்டரையும் முதலில் கழற்றிப் பாருங்கள்.

மோடத்தின் பதிவேட்டில் டி3 என்று வந்தால், மோடம் அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் வரவில்லை என்று அர்த்தம். டி4 என்றால், பேசுவதற்கான வாய்ப்பே குறித்த நேரத்துக்குள் அதற்குக் கிடைக்கவில்லை. எப்போதோ ஒரு டி3 வருவதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் ஒரே தெருவின் மோடங்கள் எல்லாம் டி3 காட்டினால், ஏதோ ஒரு வீட்டிலிருந்து இரைச்சல் ஏறுகிறது. ஏறுவழியில் எல்லா வீட்டு இரைச்சலும் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், புகார் செய்தவர் வீட்டில் குற்றவாளி இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆம்ப்ளிஃபயரின் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஐ.பி. முகவரி வாங்கும் படியில் பல மோடங்கள் சேர்ந்து நின்றால்தான் சர்வர் பக்கம் திரும்ப வேண்டும். சி.எம்.டி.எஸ்., மோடத்தின் கோரிக்கையைத் தன் கேபிள் பக்க முகவரியைக் குறித்து ஐ.பி. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வருக்கு அனுப்புகிறது, சர்வரின் பதில் அந்த முகவரிக்கே திரும்ப வேண்டும். அதற்கான ரூட் (வழிக்குறிப்பு) சர்வரில் இல்லாவிட்டால், சர்வர் பதிவேட்டில் முகவரி வழங்கியதாகவே இருக்கும், மோடம் மட்டும் காத்துக்கொண்டே நிற்கும். பல மணி நேரத்தை விழுங்கும் பிழை இது. மோடத்துக்கு ஒரு முகவரித் தொகுதி, வீட்டுக் கணினிகளுக்கு வேறொரு தொகுதி என்று பிரித்திருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

கோப்பு இறங்கவில்லை என்றால், டி.எச்.சி.பி. சொன்ன கோப்புப் பெயரும் கோப்பை அனுப்பும் டி.எஃப்.டி.பி. சர்வரில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா, அந்த சர்வர் பயன்படுத்தும் யு.டி.பி. 69 போர்ட் ஃபயர்வாலில் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோப்பு இறங்கியும் பதிவு மறுக்கப்பட்டால், கோப்பை உருவாக்கியபோது கொடுத்த இரகசியச் சொல்லும் சி.எம்.டி.எஸ்.ஸில் உள்ளதும் வேறுபட்டிருக்கலாம். பதிவேட்டில் நேரம் 1970 என்று தெரிந்தால் மோடத்துக்கு நேர சர்வர் கிடைக்கவில்லை என்பது மட்டுமே பொருள். அதைத் துரத்த வேண்டாம்.

மோடம் ஆன்லைன், ஆனால் இணையம் இல்லை என்ற நிலையில் கோப்பின் இரண்டு வரிகளைப் படியுங்கள். நெட்வொர்க் அனுமதி 0 என்று இருந்தால் மோடம் பதிவாகும், வாடிக்கையாளரின் போக்குவரத்து மட்டும் போகாது. மேக்ஸ் சி.பி.இ. (மோடத்தின் பின்னால் அனுமதிக்கப்படும் கருவிகளின் எண்ணிக்கை) 1 என்று இருந்தால், பழைய ரூட்டரின் மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) மோடத்தின் நினைவில் நிற்பதால் புதிய ரூட்டருக்கு முகவரி கிடைக்காது. மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.