லயத்தில் இருந்துகொண்டு கூட்டாளியைத் தெரிவு செய்வது

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவனிடம் 'கூட்டாளியைப் பார்த்துத் தெரிவு செய்' என்றால் சிரிப்புத்தான் வரும். பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருமினால் நம் காம்பராவில் கேட்கும், எல்லோருக்கும் ஒரே பீலித் (பொதுக் குழாய்) தண்ணீர், பள்ளிக்கூடத்துக்கும் ஒரே பாதை, இதில் எங்கே தெரிவு? ஆகவே பழகுவது எல்லோரோடும்தான். இயேசுவும் ஊர் வெறுத்த வரி வசூலிப்பவர்களான ஆயக்காரரோடு உட்கார்ந்து சாப்பிட்டு அதற்குப் பேச்சும் வாங்கினார். ஆனால் பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுக்கும் முன் மலைக்குப் போய் இரவு முழுக்க ஜெபம் பண்ணினார் (லூக்கா 6), அவர்களிலும் செத்த மகளை எழுப்ப யவீருவின் வீட்டுக்குள் கூட்டிப்போனது மூன்றே பேரை. நாம் தெரிவு செய்ய வேண்டியது அந்த மாதிரி இரண்டு மூன்று பேரை, அதாவது யார் சொன்னால் கேட்போமோ அவர்களை.

ஆளை எப்படிப் பார்ப்பது? 2 சாமுவேல் 13ஐ வாசியுங்கள். தாவீது ராஜாவின் மகன் அம்னோனுக்கு யோனதாப் என்று ஒரு சிநேகிதன், வேறு யாருமில்லை, பெரியப்பா மகன்தான். நாளுக்கு நாள் மெலிகிறாயே என்று அக்கறையாக விசாரித்தவனும் அவன்தான், அம்னோன் ஆசைப்பட்ட, வேறு தாய்க்குப் பிறந்த தங்கை தாமாரை வரவழைக்க வியாதிக்காரன்போல் படுத்துக்கொள் என்று வழி சொன்னவனும் அவன்தான். அம்னோன் அவளைக் கெடுத்தான். இரண்டு வருஷம் கழித்து அவளுடைய கூடப்பிறந்த அப்சலோம் அம்னோனைக் கொன்றபோது, செத்தது அவன் ஒருவன் மட்டும்தான் என்று ராஜாவிடம் அலட்டிக்கொள்ளாமல் விளக்கம் சொல்கிறான். சொந்தக்காரன், நன்றாக விசாரிக்கிறான் என்றுதான் நாமும் ஏமாறுகிறோம். விசாரிப்பை விடுங்கள், உங்கள் ஆசைக்கு அவன் என்ன வழி சொல்கிறான் என்று பாருங்கள்.

அப்புறம் காசு. வாலிபர் கூட்டத்தில் அருமையாகப் பாடும் ஒருவன் த்ரீவீல் லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்துக் கேட்டான், பிணை நிற்பதை எச்சரிக்கும் நீதிமொழிகள் 6 தெரிந்தும் வெட்கத்துக்குப் போட்டேன். நாலாம் மாதம் அவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான், லீசிங்காரர்கள் எங்கள் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) வந்து நிற்க, அம்மா கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். (கையெழுத்துப் போட்டாயிற்றென்றால், தூங்காமல் போய் அவனை வருந்திக் கேள் என்கிறது அதே அதிகாரம்.) ஒரு சின்ன விஷயத்தில் 'முடியாது' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு நாள் முறைத்துவிட்டு வந்தால் சரி, மனுஷன்தானே. தோட்டம் முழுக்கக் கதை பரப்பினால் தப்பித்தீர்கள்.

என்னைத் திருத்தியவன் சபைக்கே வராதவன், திருவிழாவில் காவடி எடுப்பவன். கசிப்பு (கள்ளச் சாராயம்) குடிக்கும் கூட்டத்தோடு நான் ஒட்டியபோது, "ஓ.எல். பரீட்சை எழுதப் போறியா, இல்ல இவனுங்களுக்குப் போத்தல் கழுவப் போறியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். இப்படிப்பட்டவனோடு பழகினால், அவிசுவாசிகளோடு அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதே என்று வசனம் காட்டுவார்கள். நுகம் என்பது ஒரே ஏரில் பூட்டுவது, பீலியடியில் பேசுவதல்ல.

விலகுவதென்றால் அறிவித்துவிட்டு விலகாதீர்கள், நாளைக்கும் அதே முகத்தில்தான் விழிக்க வேண்டும். மரண வீட்டுக்குப் போங்கள், கல்யாண வீட்டில் தேங்காய் துருவுங்கள். சாயந்திரம் பாலத்தடியில் உட்காரும் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் மாற்றுங்கள். கேட்டால் 'வேலை இருக்கு மச்சான்' போதும், அது பொய்யாகாமல் இருக்க உண்மையிலேயே ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.