எம்.பி.இ கீபோர்டு கைக்கு வருவதற்குள் செய்து வைக்க வேண்டியவை

ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக வளைவும் அழுத்தமும் தருகிற எம்.பி.இ (மிடி பாலிஃபோனிக் எக்ஸ்பிரஷன்) கீபோர்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. பெட்டி பிரித்த முதல் நாளில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை, கீபோர்டு அனுப்புவதை வாங்கி ஒலிக்கும் சிந்தசைசரிலும் ரெக்கார்டிங் மென்பொருளிலும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கீபோர்டு இல்லாமலே இப்போதே சோதித்துவிடலாம்.

இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடியில், சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் செய்தி சானலுக்கு (செய்தி போகும் தடத்துக்கு) ஒன்றுதான். ஒரே சானலில் மூன்று நோட் ஒலித்தால் மூன்றும் சேர்ந்தே வளையும். 2018இல் ஏற்கப்பட்ட எம்.பி.இ இதற்குக் கண்ட வழி எளிது: நோட்டுக்கு ஒரு சானல். வழக்கமான அமைப்பில் சானல் 1 எல்லோருக்கும் பொது. பெடல், மாட்யுலேஷன் வீல் எல்லாம் அதில் போகும். 2 முதல் 16 வரையிலான பதினைந்தும் நோட்டுகளுக்கு. விரலின் பக்கவாட்டு அசைவு பிட்ச் பெண்டாகவும், முன்பின் நகர்வு சிசி 74 (74ஆம் எண் கண்ட்ரோல் செய்தி) ஆகவும், அழுத்தம் சானல் பிரஷராகவும் போகும். தட்டும் வேகமும் விடும் வேகமும் சேர்த்தால் ஐந்து. எல்லாக் கருவியும் ஐந்தையும் ஒரே மாதிரி தராது. ஆஸ்மோஸ் என்ற கீபோர்டின் கட்டைகள் பக்கவாட்டில் அசையும், ஆழத்தில் இரண்டு கட்டமாக இறங்கும். ஆனால் சீபோர்டு என்ற இன்னொரு கருவியின் மெத்தைப் பரப்பில் போல விரலை முன்பின் இழுக்கும் வேலை அதில் இல்லை. நீங்கள் வாங்குவதில் எது எதுவாகப் போகிறது என்று கையேட்டை இப்போதே இறக்கிப் பாருங்கள்.

இனி சோதனை. மென்பொருளில் புது ட்ராக் திறந்து எம்.பி.இ புரிந்த ஒரு பிளகினை (மென்பொருளுக்குள் ஓடும் சிந்தசைசரை)ப் போடுங்கள். கைவசம் இல்லையென்றால் சர்ஜ் எக்ஸ்.டி இலவசம், அதுவே போதும். பிளகினுக்குள் எம்.பி.இ பொத்தானை இயக்குங்கள். ரெக்கார்டிங் மென்பொருளான ஏபில்டன் லைவில் 11ஆம் பதிப்பிலிருந்துதான் எம்.பி.இ உண்டு, வெளிப் பிளகின்களுக்கு எம்.பி.இ பயன்முறையை லைவுக்குள்ளும் தனியாக இயக்க வேண்டும். ரீப்பர் மென்பொருளில் ட்ராக்கின் உள்ளீடு எல்லாச் சானல்களையும் ஏற்கும்படி இருக்க வேண்டும். ஒரு சானலை மட்டும் தேர்ந்திருந்தால் பின்னால் சில நோட் ஒலிக்கும், சில ஒலிக்காது. கீபோர்டு பழுது என்று நினைத்துவிடுவீர்கள்.

சானல் 2இல் 60ஆம் நோட்டையும் சானல் 3இல் 64ஆம் நோட்டையும் நீளமாக வரையுங்கள். சானல் 3க்கு மட்டும் பிட்ச் பெண்டை நடு மதிப்பான 8192லிருந்து 8363க்கு மெல்ல ஏற்றுங்கள். கீழ் நோட் அசையாமல் நிற்க, மேல் நோட் சரியாக அரை ஸ்வரம் ஏறினால் எல்லாம் ஒழுங்கு. 8363 என்ற கணக்கு இப்படி வருகிறது: எம்.பி.இயில் நோட் சானல்களின் வளைவு எல்லை, மாற்றாதவரை, மேலும் கீழும் 48 அரை ஸ்வரம். 8192ஐ 48ஆல் வகுத்தால் அரை ஸ்வரத்துக்குச் சுமார் 171 படி.

முடிவு வேறாக வந்தால் காரணம் காதிலேயே தெரியும். இரண்டு நோட்டும் சேர்ந்து வளைகிறதா? பிளகின் எம்.பி.இ பயன்முறையில் இல்லை, அல்லது மென்பொருள் எல்லாச் சானலையும் ஒன்றாக்கி அனுப்புகிறது. வளைந்ததா இல்லையா என்றே சந்தேகமா? பிளகினின் எல்லை 2இல் நிற்கிறது. 171 படிக்கு அரை ஸ்வரத்தில் இருபத்துநான்கில் ஒரு பங்குதான் கிடைக்கும். நேர்மாறாக, கீபோர்டு 2 என்றும் சிந்த் 48 என்றும் இருந்தால், விரல் இம்மி அசைந்தாலும் சுருதி எகிறிக் குதிக்கும். ஏற்றம் படிக்கட்டு மாதிரிக் கேட்டால், வழியில் ஏதோ ஒன்று 14 பிட் பெண்டை 7 பிட்டாக நறுக்குகிறது: மேலும் கீழுமாக 96 அரை ஸ்வரம் 128 படிக்குள் அடைந்தால் ஒரு படி முக்கால் அரை ஸ்வரம். எந்தக் கமகமும் அதில் தேறாது.

எல்லையைக் கையால் 24 என்று மாற்றி வைப்பவர்கள் வரிசையைக் கவனியுங்கள். எம்.பி.இயைத் தொடங்கும் செய்தி (சானல் 1இல் சிசி 101 = 0, சிசி 100 = 6, சிசி 6 = 15) சிந்துக்குப் போனதும் எல்லை மறுபடி 48க்குத் திரும்பிவிடும். முதலில் தொடக்கச் செய்தி, பிறகு எல்லை.

அடுத்து பேட்ச், அதாவது சிந்தில் அமைத்து வைக்கும் ஒலி. அழுத்தத்தை ஒலியளவோடு முழுக்கக் கட்டிவிடுவதுதான் முதலில் எல்லோரும் செய்வது. நீண்ட ஸ்வரங்களுக்கு அது அழகு. ஆனால் சட்டென்று தட்டி எடுத்தால் அழுத்தம் ஏறுவதற்குள் விரல் மேலே வந்துவிடும், சத்தமே இருக்காது. அடிப்படை ஒலியளவைத் தட்டும் வேகத்திடம் விடுங்கள். அழுத்தத்தை ஃபில்டரின் திறப்பில் கால் பங்கு அளவுக்குச் சேர்த்துத் தொடங்குங்கள். சிசி 74ஐப் பல சிந்த்கள் ஏற்கெனவே கட்ஆஃபில் (அதே ஃபில்டர் திறப்பில்) மாட்டி வைத்திருக்கும். அதைப் பார்க்காமல் நீங்களும் மாட்டினால் இரட்டிப்பாகிவிடும். ரிலீஸ் (விரலை எடுத்த பின் ஒலி அடங்கும்) நீளமும் முக்கியம். நான்கு விநாடி வால் உள்ள பேட்சில் வேகமாக வாசித்தால் பதினைந்து சானலும் தீர்ந்து, புது நோட் பழைய நோட்டின் சானலில் வந்து உட்காரும்; அடங்கிக்கொண்டிருக்கும் பழைய வாலும் புது நோட்டின் பெண்டோடு இழுபடலாம். ரிலீஸைக் குறைத்து, நீளத்தை ரிவெர்ப்பிடம் ஒப்படையுங்கள்.

கேபிள் யு.எஸ்.பியாகவே இருக்கட்டும். ஐந்து முனை மிடி கேபிளில் விநாடிக்கு 31,250 பிட். ஐந்து விரலின் பெண்ட், சிசி 74, அழுத்தம் ஒரு சுற்று போக 40 பைட், பைட்டுக்கு 10 பிட், ஆக 12.8 மில்லி விநாடி. நெருக்கமாக வாசிக்கையில் இது விரலுக்குப் பின்னால் இழுக்கும். வேறு வழியே இல்லையென்றால் கீபோர்டு அனுப்பும் தரவின் அடர்த்தியைக் குறைக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள்.

எம்.பி.இ தெரியாத பழைய சிந்த் இருந்தால் ஒதுக்கிவிட வேண்டாம். பல பாகங்களைத் தனித்தனிச் சானலில் ஒலிக்கும் வகை என்றால், ஒரே பேட்சை 2 முதல் 5 வரை நான்கு பாகங்களில் வைத்து, ஒவ்வொன்றின் பெண்ட் எல்லையையும் 48 ஆக்கி, கீபோர்டிலும் சானல் எண்ணிக்கையை நான்காகக் குறையுங்கள். நான்கு குரல் தனித்தனியாக வளையும். எல்லை 12க்கு மேல் போகாத சிந்த் என்றால் கீபோர்டையும் 12க்கு இறக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண், அவ்வளவுதான்.

கருவி வந்ததும் யு.எஸ்.பி ஹப் எதுவும் இல்லாமல் நேராகக் கணினியில் செருகி முதலில் ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் இருக்கும் மென்பொருளை, புதுப்பியுங்கள். பிறகு அதே ட்ராக்கில், வரைந்து வைத்த இரண்டு நோட்டை விரலால் வாசியுங்கள்: ஒரு விரல் அசையாமல் இருக்க, மற்றதை மட்டும் நகர்த்தி.