லேசர் பட்ட தோலின் வெப்பக் காயத்தைக் கணினியில் கணிக்கும் முறை

லேசர் ஒளி பட்ட தோலில் எந்த ஆழம் வரை திசு சேதமுறும் என்று கணிக்கப் புதிதாக முயல்பவர், 10.6 மைக்ரான் அலைநீளமுள்ள கார்பன் டை ஆக்சைடு லேசரை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. தோலிலுள்ள நீர் அவ்வொளியைச் சில பத்து மைக்ரான் ஆழத்திற்குள்ளேயே உறிஞ்சிவிடுவதால், ஆழத்துடன் அடுக்குக்குறி முறையில் குறையும் வெப்ப மூலமாக அதை எழுதிவிடலாம். ஒளிச்சிதறல் மிகுந்த 1064 நானோமீட்டர் லேசருக்கு இது பொருந்தாது; அதற்கு, ஒளித்துகள்களின் பாதைகளைத் தற்செயல் எண்களைக் கொண்டு பின்தொடரும் மான்டி கார்லோ முறை வேண்டும்.

வெப்பப் பரவலுக்கு, திசுவின் வெப்பக் கடத்தலையும் இரத்தம் கொண்டுசெல்லும் வெப்பத்தையும் இணைத்துப் பென்னஸ் என்ற ஆய்வாளர் 1948இல் தந்த சமன்பாடு அடிப்படையாகும். ஒரு வினாடிக்கும் குறைவான ஒளிபாய்ச்சலில் அச்சமன்பாட்டில் இரத்த ஓட்டத்தைக் குறிக்கும் பகுதியை விட்டுவிடலாம். ஒளிப்பொட்டு சில மில்லிமீட்டர் அகலமிருந்தால் ஒரு பரிமாணக் கணக்கே போதும். மேற்பரப்பருகே, கணக்கிடும் புள்ளிகளுக்கு இடையிலான தூரமாகிய கட்ட இடைவெளி 2 மைக்ரான் அளவில் இருக்கட்டும். அடுத்த கணத்தின் வெப்பநிலையை முந்தைய கணத்தின் மதிப்புகளிலிருந்தே நேரடியாகக் கணக்கிடும் வெளிப்படை வேறுபாட்டு முறையைப் பயன்படுத்தினால், காலப்படி ஏறத்தாழ 15 மைக்ரோவினாடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விடை அலைபாய்ந்து சிதறும்.

காயத்தை அளக்க, ஹென்ரிக்ஸ் என்ற ஆய்வாளர் 1947இல் பயன்படுத்திய அர்ஹீனியஸ் தொகையீட்டை, அதாவது வெப்பநிலையைப் பொறுத்த சேத வேகத்தின் காலவழிக் கூட்டுத்தொகையை, ஒவ்வொரு ஆழத்திலும் கூட்டிவர வேண்டும். அச்சேத வேகச் சூத்திரத்தில் இடவேண்டிய மாறிலிகள்: அதிர்வெண் காரணி வினாடிக்கு 3.1×10^98, கிளர்வு ஆற்றல் மோலுக்கு 6.28×10^5 ஜூல். தொகை 0.53ஐ எட்டினால் முதல்நிலைக் காயம் என்றும், 1ஐ எட்டினால் இரண்டாம் நிலை என்றும் கொள்வது வழக்கம்.

நிரலை நம்புவதற்கு முன் ஒரு சோதனை இன்றியமையாதது. வெப்பநிலையை மாறாமல் நிறுத்திக் கணக்கிட்டால், தொகை 1ஐ எட்டுவதற்கு 60 டிகிரி செல்சியசில் ஏறக்குறைய ஒரு வினாடியும், 50 டிகிரியில் ஏறக்குறைய 18 நிமிடங்களும் ஆக வேண்டும். அவ்வாறு வராவிட்டால் கெல்வினுக்குப் பதிலாகச் செல்சியசை இட்டிருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். 60 டிகிரியை ஒட்டி ஒரே ஒரு டிகிரி பிசகினாலும் சேத வேகம் ஏறத்தாழ இருமடங்காகிவிடும். ஆகவே உழைப்பின் பெரும்பகுதியைச் சேதச் சூத்திரத்தில் அல்ல, உறிஞ்சு கெழுவையும் வெப்பக் கடத்துத்திறனையும் சரியாகத் தேர்வதில் செலவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

லேசர் அணைந்தவுடன் கணக்கை நிறுத்தக் கூடாது. தோல் குளிரும்வரை சேதம் கூடிக்கொண்டே போகும். மேற்பரப்பு 100 டிகிரியை எட்டினால் நீர் ஆவியாவதற்கான மறைவெப்பத்தையும் சேர்த்தாக வேண்டும். சேர்க்காத விடையை அதற்குமேல் ஏற்க இயலாது.