பேசும்போது எவ்வளவு தள்ளி நிற்பது?

பேச்சின் நடுவே எதிரிலிருப்பவர் அரை அடி பின்வாங்கினால், அதை உணராமலேயே நாம் முன்னேறி அந்த இடத்தை நிரப்பிவிடுகிறோம். இதைத் தவிர்க்க, முதலில் உங்கள் எல்லையை அளந்து பாருங்கள். நீங்கள் அசையாமல் நிற்க, அதிகம் பழக்கமில்லாத ஒருவரை மூன்று மீட்டர் தொலைவிலிருந்து மெல்ல நடந்துவரச் சொல்லி, உங்களுக்குச் சங்கடம் தொடங்கும் கணத்தில் நிற்கச் சொல்லி, இருவரின் கால்விரல்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளவுநாடாவால் அளக்க வேண்டும். பிறகு பக்கவாட்டிலிருந்தும் வரச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு எதிரிலிருந்து வருபவரிடம்தான் கூடுதல் இடைவெளி தேவைப்படுகிறது.

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-இல் வகுத்த கணக்கின்படி, 45 செ.மீ. வரை, அதாவது ஏறத்தாழ ஒரு முழம், மிக நெருங்கியவர்களுக்கு உரியது, 1.2 மீட்டர் வரை நண்பர்களுக்கும், 3.6 மீட்டர் வரை அலுவல் பழக்கத்துக்கும் உரியவை. அவர் கவனித்தது பெரும்பாலும் அமெரிக்க வடகிழக்குக் கடலோர நடுத்தர வகுப்பினரை என்பதால், நம் பேருந்து நிறுத்தத்துக்கு இந்த எண்களை அப்படியே பொருத்துவது வீண் வேலை.

ஆயினும் அந்தச் சங்கடம் வெறும் நாகரிகப் பழக்கம் அன்று. மூளையில் அச்சத்தை உணர உதவும் அமிக்டலா இருபுறமும் சிதைந்த ஒரு பெண்ணை 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றில் இதே முறையில் சோதித்தபோது, அவர் சராசரியாக 34 செ.மீ. தொலைவில்தான் நிறுத்தினார், மூக்கோடு மூக்கு நின்றபோதும் அவருக்குக் கூச்சமில்லை.

எதிரிலிருப்பவர் பின்வாங்குவதற்கு முன்பே அவர் பாதம் வெளிப்புறம் திரும்பும், பார்வை விலகும், தோளில் தொங்கும் பை நெஞ்சுக்கு முன்னால் வரும். அப்போது நீங்கள் பின்னால் நகரத் தேவையில்லை. உடலைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினாலே போதும், அவர் தோள்கள் தளர்வதைக் காணலாம். நெருக்கம் கூடக்கூட நாம் பார்வையைக் குறைத்து அதை ஈடுகட்டுகிறோம். மின்தூக்கியில் எல்லோரும் மாடி எண்ணையே வெறித்துப் பார்ப்பது இதனால்தான், அதைத் திமிர் என்று எண்ண வேண்டாம். அங்கும் நெரிசலான பேருந்திலும் முகத்துக்கு நேரே நிற்காமல் தோளோடு தோள் நிற்பதும், பேச்சைச் சுருக்குவதும் நல்லது.

உங்களை ஒருவர் நெருங்கினால், நேர் பின்னால் நகராதீர்கள், அவர் தொடர்ந்து வருவார். ஓரமாக விலகி, மேசையையோ நாற்காலியையோ இடையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் நெருங்கினால், "கொஞ்சம் தள்ளி நின்று பேசுங்களேன்" என்று வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு முன், அவருக்குக் காது மந்தமா என்பதைக் கவனியுங்கள். அவ்வாறாயின், நீங்கள் விலகுவதைவிடக் குரலை உயர்த்துவதே சரி.