பி0443 வந்தால் பர்ஜ் வால்வை மாற்றிவிடாதீர்கள்

ஸ்கேனர் பி0443 என்ற கோளாறுக் குறியீட்டை (கோடு) காட்டியதும் புதிதாகத் தொழில் பழகுபவர் கை நேரே பர்ஜ் வால்வுக்குப் போகிறது. எங்கள் கையும் ஒரு காலத்தில் அப்படித்தான் போனது. பெட்ரோல் டாங்கில் எழும் ஆவியைக் கரி கேனிஸ்டர் பிடித்து வைக்கும். என்ஜின் ஓடும்போது அதை உள்ளே இழுக்க வழி விடுவது இந்த வால்வு. அதன் மின்சுற்றில் கோளாறு என்றுதான் அந்தக் கோடு சொல்கிறது, வால்வு போய்விட்டது என்று சொல்லவில்லை. ஃபியூஸைப் பார்க்கச் சொல்லித் தரவேண்டியதில்லை. அதைத் தாண்டி நடக்கும் தவறுகள் இவை.

டாங்க் மூடியை மாற்றுவது

பி0442, பி0455 போன்ற கசிவுக் கோடுகளுக்கு அது சரி. இதற்கு இல்லை.

"12 வோல்ட் வருது, வயர் நல்லாத்தான் இருக்கு"

அதிகம் செலவு வைப்பதும், இன்றும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான். கனெக்டரைக் கழற்றி, சாவி போட்டு, மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். உடனே வயரிங்கை மறந்துவிட்டுப் புது வால்வு வாங்குகிறார்கள். இரண்டு நாளில் செக் என்ஜின் விளக்கு திரும்ப எரியும். அடுத்து ஈசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மீது பழி விழும். இப்படி வால்வும் ஈசிஎம்மும் மாறிய பிறகு, கிளாம்ப் ஓரத்தில் ஒரே இழையில் தொங்கும் வயர் அகப்படும்.

மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. அதனால் துரு ஏறிய கனெக்டர் பின்னும் அறுந்த இழையும் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. வால்வுக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) 24 ஓம் என்றால் அரை ஆம்பியர் இழுக்கும். வயரிலும் 24 ஓம் தடை இருந்தால் வால்வுக்குக் கிடைப்பது 6 வோல்ட்தான். ஓட்டத்தில் அதிர்ந்து அந்த இழை விட்டால் கோடு விழும்.

கழற்றிய கனெக்டரில் 12 வோல்ட் வரும் சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 12 வோல்ட், 5 வாட் பார்க்கிங் பல்பை இணைத்துவிடுங்கள். அதுவும் சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். பல்பு எரியும்போதே பேட்டரி பாசிட்டிவுக்கும் சப்ளை பின்னுக்கும் நடுவே மீட்டரை வைத்து, வயரிங்கை ஆட்டிப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தடை அந்த வழியில்தான்: கனெக்டர் பின், ஜாயின்ட், ரிலே காண்டாக்ட்.

ஈசிஎம் பக்க வயரில் 12 வோல்ட் கொடுப்பது

ஈசிஎம் உள்ளே வால்வை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரிந்துபோகலாம். வால்வைச் சோதிக்க வேண்டுமென்றால் கனெக்டரைப் பிரித்து, வால்வுக்கு மட்டும் பேட்டரி கொடுங்கள்.

ஆறிய காயிலை மட்டும் அளப்பது

பல வண்டிகளில் 20 முதல் 30 ஓம் காட்டும். சூட்டில் மட்டும் விடுகிற காயிலும் உண்டு. ஹேர் டிரையரால் சூடாக்கி மறுபடி அளந்து பாருங்கள்.

வயரை ஊசியால் குத்துவது

ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பிடிக்கும். கனெக்டரின் பின்பக்கமாகத் தொடுங்கள்.

எர்த் பக்கத்தைப் பார்க்காமல் விடுவது

பெரும்பாலான வண்டிகளில் ஈசிஎம் எர்த்தை விட்டுவிட்டுக் கொடுத்துத்தான் வால்வைத் திறக்கும். கழற்றிய கனெக்டரின் இரு பின்களுக்கும் நடுவே எல்இடி டெஸ்ட் லேம்ப் வையுங்கள். இழை பல்பு ஆறியிருக்கும்போது திடீரென அதிக கரண்ட் இழுக்கும், இந்தப் பக்கம் வேண்டாம். ஸ்கேனரில் ஆக்டிவ் டெஸ்ட் (வால்வை இயக்கச் சொல்லும் கட்டளை) கொடுத்தால் லேம்ப் விட்டுவிட்டு மின்ன வேண்டும். வெறும் சாவி போட்டதுமே பளிச்சென்று நின்று எரிந்தால் அந்த வயர் எங்கோ பாடியில் உரசுகிறது, அல்லது டிரைவர் ஷார்ட். ஈசிஎம் கனெக்டரைப் பிரித்த பிறகும் எரிந்தால் வயரைத் தேடுங்கள், அணைந்தால் ஈசிஎம் மீது சந்தேகம்.